பதினோராவது பின்

என் அண்ணே,

உன்னை வாய்விட்டு அப்படிக் கூப்பிட்டு இரண்டு மாதம் ஆகிவிட்டது. இங்கே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பெரம்பலூர் வீட்டில் உன் அறை ஜன்னலில் சாரல் அடிக்கிறது என்று அண்ணி கட்டிலைச் சுவரோரம் நகர்த்திப் போட்டிருக்கிறார். உன் மகன் காரியம் முடிந்து ஓசூருக்குப் போய்விட்டான். போகும்போது உன் மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்கிற வேலையை என்னிடம் விட்டுப் போனான். அப்பாவின் வயரும் ஸ்குரூவும் அத்தைக்குத்தான் புரியும் என்றான்.

அவன் சொன்னது தப்பில்லை. உன்னோடு ஒரே அறையில் வேலை பார்த்தவள் நான் ஒருத்திதான். ஆனால் அந்த இழுப்பறையைத் திறந்ததிலிருந்து நான் நானாக இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். உனக்குத்தான் எழுதுகிறேன் என்றாலும் நாலு பேர் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்.

எண்பதுகளின் பின்பாதி அது. அரியலூரும் பெரம்பலூரும் திருச்சி மாவட்டத்தில் இருந்த காலம். அரியலூர் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் உனக்கு வேலை. அதன் பெயர் எதற்கு? சுண்ணாம்புக்கல் வெட்டுகிற தொழிற்சாலை, அவ்வளவு போதும். பாலிடெக்னிக் முடித்து, மீட்டர்களும் அளவுக் கருவிகளும் பழுது பார்க்கிற பிரிவில் நீ இருந்தாய். நான் டைப்ரைட்டிங் ஹையர் முடித்து, திருச்சியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, அதே இடத்தில் தற்காலிக ஆபரேட்டராகச் சேர்ந்தேன். காலை பஸ்ஸில் ஒன்றாகப் போவோம். நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்குவாய்.

கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பு போட்டுக்கொண்டு போகக் கூடாது. மேனேஜர் அறையை விட்டால் ஏசி இருந்த இடம் அது ஒன்றுதான். அந்த அறைக்கு நீ முதலில் வந்தது பிரிண்டர் பழுதானபோது. சென்னையிலிருந்து சர்வீஸ் ஆள் வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். தலைமை அலுவலகத்தில் சும்மா கிடந்த வேறொரு கம்பெனி பிரிண்டரை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். கூடவே வரவேண்டிய விளக்கப் புத்தகம் வரவில்லை. பழைய கேபிளை அதில் செருகினால் அது வாயே திறக்கவில்லை.

அந்தக் கேபிளின் முனையில் இருபத்தைந்து பின். மேல் வரிசையில் பதின்மூன்று, கீழே பன்னிரண்டு. நீ மூடியைக் கழற்றி உள்ளே இருந்த கம்பிகளை எனக்குக் காட்டினாய். உனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது என்று உன் விரலைப் பார்த்தாலே தெரிந்தது.

"ரெண்டாவது பின் வாய், மூணாவது பின் காது. கம்ப்யூட்டரோட வாயி பிரிண்டரோட காதுக்குப் போவணும். ஏழாவது ரெண்டு பேருக்கும் பொதுவான தரை. இருபதாவதுதான் முக்கியம் வளரு. பிரிண்டருக்கு மூச்சு முட்டுனா அதுலதான் பொறுன்னு சொல்லும். அதப் பாத்ததும் கம்ப்யூட்டர் வாய மூடிக்கும்."

மீதி பின்னெல்லாம் எதற்கு என்று கேட்டேன். நமக்கு அது வேண்டியதில்லை என்றாய்.

இரண்டு நாள் மீட்டரை வைத்து ஒவ்வொரு பின்னாகத் தொட்டுப் பார்த்தாய். ஒரு நோட்டில் இருபத்தைந்து வட்டம் போட்டு, எதில் வோல்ட் வருகிறது, எதில் வரவில்லை என்று குறித்தாய். புது பிரிண்டரிலும் இருபதில் வோல்ட் வந்தது. அதனால் அதையே பொறு சொல்கிற பின் என்று எடுத்துக்கொண்டு கம்பியைச் சால்டரிங் செய்தாய். எதற்கும் இருக்கட்டும் என்று வேகத்தையும் குறைத்து வைத்தாய். கம்ப்யூட்டர் நிதானமாகப் பேசினால் பிரிண்டர் அதற்கு முன்னாலேயே அடித்து முடித்துவிடும், மூச்சு முட்டவே முட்டாது என்றாய். சரியாகத்தான் சொன்னாய். ஒரு மாதம் கடிதங்களும் ஸ்டோர் சீட்டுகளும் ஓர் எழுத்துப் பிசகாமல் வந்தன. மேனேஜர் உன்னைக் கூப்பிட்டுக் கை கொடுத்தார். பர்சனல் ஆபீசர் மட்டும், வீட்டு ரேடியோவைப் பிரிக்கிற மாதிரி இதையெல்லாம் பிரிக்கக் கூடாது என்று நாலு பேர் முன்னால் சொன்னார். நீ சிரித்துக்கொண்டாய்.

அப்புறம்தான் அந்த லிஸ்ட்.

கல் வெட்ட நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு வீட்டுக்கு ஒரு வேலை என்று பேச்சு. யார் யாருக்கு என்று முடிவு செய்து, கையால் எழுதிய தாள்களை என்னிடம் கொடுத்தார்கள். பெயர், அப்பா பெயர், ஊர். அந்த இயந்திரத்துக்குத் தமிழ் தெரியாது. எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் அடித்தேன். வரிசை எண்ணை ஹெட் கிளார்க் பிறகு சிவப்பு மையில் கையால் போட்டுக்கொள்வார். வெள்ளிக்கிழமை மத்தியானம் கேட் பக்கத்துப் பலகையில் ஒட்ட வேண்டும். அடித்த லிஸ்ட்டுக்குப் பியூன் கதவருகிலேயே வந்து நின்றுவிட்டான்.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாதது.

மூன்றாவது பக்கம் ஓடிக்கொண்டிருந்தபோது காகிதம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஓரத்துத் துளைகள் பிரிண்டர் சக்கரத்தின் பல்லிலிருந்து விலகிவிட்டன. நான் பிரிண்டரின் பொத்தானை அமுக்கி நிறுத்தினேன். துளைகளைப் பல்லில் திருப்பி மாட்டினேன். மறுபடி பொத்தானை அமுக்கினேன். பத்து விநாடி இருக்கும். பழைய பிரிண்டரில் நூறு தடவை அப்படி நிறுத்தியிருக்கிறேன். ஒரு நாளும் ஒன்றும் ஆனதில்லை.

அடித்து முடிந்ததும் காகிதத்தைக் கிழித்தெடுத்துப் பார்த்தேன். மூன்றாவது பக்கத்தின் நடுவில் ஒரு வரி மட்டும் கொஞ்சம் கோணலாக இருந்தது. பெயர் சரியான இடத்தில் தொடங்கியது. அப்பா பெயர் இரண்டெழுத்து இடம் தள்ளி இருந்தது. நான் அப்படி அடிக்கிறவள் இல்லை. கையெழுத்துத் தாளோடு ஒப்பிட்டிருந்தால் ஒரு நிமிட வேலை.

ஒப்பிடவில்லை. பியூன் கை நீட்டிக்கொண்டிருந்தான். என் வேலை நிரந்தரம் இல்லை. ஏதோ கோளாறு என்று வாயைத் திறந்தால் அந்த ஆபீசர் உன்னைத்தான் பிடித்துக்கொள்வார் என்றும் பயந்தேன். இதில் எது நிஜக் காரணம் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். உனக்காகத்தான் என்று சொன்னால் எனக்கு நன்றாக இருக்கும். ஆனால் அது முழு உண்மை என்று சொல்ல முடியவில்லை. லிஸ்ட்டைக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் வேலை விட்டு வரும்போது பலகை முன்னால் ஒருவர் உன்னை நிறுத்தினார். உன் சட்டைப்பையில் பேனா இருந்ததைப் பார்த்து நிறுத்தியிருப்பார். முப்பது வயது இருக்கும், ஒல்லியான ஆள். இங்கிலீஸ் தெரியாது சார், கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள் என்றார். கல்லங்குறிச்சிப் பக்கத்துக் கிராமம், பெயர் கலியமூர்த்தி, அப்பா சின்னத்தம்பி. நீ விரலை வைத்துப் பக்கம் பக்கமாகத் தேடினாய். மூன்றாவது பக்கத்தில் உன் விரல் நின்றது. கலியமூர்த்தி, அப்பா பெயர் ராமலிங்கம், ஊர் வேறு ஏதோ ஊர்.

"பேரு என்னுதுதான் சார்," என்றார் அவர். "அப்பன் யாரோ."

நான் உனக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். உன் விரல் இருந்த வரி கோணல் வரி.

ஹெட் கிளார்க் அது வேறு கலியமூர்த்தி என்று சொல்லிவிட்டார். கம்ப்யூட்டர் தப்பாகப் போடாது என்றும் சொன்னார். அந்த நாளில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. கையெழுத்துத் தாள்கள் அதற்குள் தலைமை அலுவலகத்துக்குப் போயிருந்தன. நான் அடித்து வைத்த ஃப்ளாப்பி மட்டும் என் மேசை டிராயரில் இருந்தது. அதைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்பதாலேயே நான் போட்டுப் பார்க்கவில்லை. கலியமூர்த்தி ஒரு வாரம் தினமும் வந்து பலகை முன்னால் நின்றார். தானே படிக்க முடியாத காகிதத்தை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்ற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பிறகு வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து பிரிண்டரின் புத்தகம் தபாலில் வந்தது. நீ அதை எங்கள் அறையில் நின்றபடியே பிரித்தாய். பின்களின் பட்டியல் இருந்த பக்கத்தில் நின்றாய். அந்த பிரிண்டர் பொறு என்று சொல்வது பதினோராவது பின்னில். இருபதில் அது சொன்னது வேறு: எனக்குக் கரண்ட் வருகிறது, நான் உயிரோடு இருக்கிறேன் என்பது மட்டும்தான். பிரிண்டர் நின்றிருந்தாலும் இருபதில் வோல்ட் வந்துகொண்டேதான் இருக்கும். கம்ப்யூட்டர் அதை நம்பிப் பேசிக்கொண்டே இருக்கும். பேசியதில் கொஞ்சம் பிரிண்டரின் நினைவில் நிற்கும். நிரம்பினால் மீதி வழிந்து எங்கோ போய்விடும்.

நீ ஒரு பழைய கடிதத்தை அடிக்க விட்டு, நடுவில் பொத்தானை அமுக்கினாய். பத்து எண்ணினாய். மறுபடி அமுக்கினாய். ஒரு வரியின் தலையும் அடுத்த வரியின் வாலும் ஒட்டிக்கொண்டு ஒரே வரியாக வந்தது. லிஸ்ட் அடித்த ஃப்ளாப்பியைக் கேட்டாய். திரையில் இரண்டு வரி இருந்தது. கலியமூர்த்தி, சின்னத்தம்பி மகன். அடுத்து செல்வராசு, ராமலிங்கம் மகன். செல்வராசு அதற்குள் ரயில்வேயில் சேர்ந்துவிட்டிருந்தார், அதனால் லிஸ்ட்டைப் பார்க்கவே வரவில்லை என்று பிறகு தெரிந்தது.

கம்பியை இருபதிலிருந்து பதினொன்றுக்கு மாற்ற உனக்குப் பத்து நிமிடம் ஆனது. பிறகு நேராகப் பர்சனல் ஆபீசரிடம் போனாய். லிஸ்ட் முடிந்துபோன விஷயம், வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்றார். நீ ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிராமத்துக்குப் போனாய். அவரைக் கையோடு கூட்டிவந்து மேனேஜர் முன்னால் நிறுத்துவது என்று கிளம்பினாய்.

அவர் கிணறு வெட்டுகிற கூட்டத்தோடு பாலக்காட்டுப் பக்கம் போயிருந்தார். போன இடத்தில் மண் சரிந்து, நீ போனதற்கு ஒன்பது நாளைக்கு முன்னால் செத்துப்போயிருந்தார். நீ போனபோது வாசலில் இன்னும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்களாம்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் உனக்கு உட்கார இடம் கிடைத்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் மெல்லிய குரலில் சொன்னாய். வெளியே பருத்திக் காடு ஓடிக்கொண்டிருந்தது. சொல்லி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாய்.

"வளரு, ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு லிஸ்ட் அடிக்கையில நடுவுல நிறுத்துனியா?"

"இல்லண்ணே," என்றேன்.

யோசிக்கவே இல்லை. ஒரு சாவு நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது. நிறுத்தினேன் என்று சொன்னால் அது என் மடியில் வந்து விழும் என்று பயந்தேன். நீ இரண்டு விநாடி என்னைப் பார்த்தாய். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, நிறுத்தாமல் எப்படி வழியும் என்று உனக்குள்ளேயே சொன்னாய். அதற்கப்புறம் ஒரு நாளும் கேட்கவில்லை.

என் வார்த்தையை நம்பினாயா அண்ணே? நம்பியது மாதிரி இருந்தாயா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நடந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு மேனேஜரிடம் கொடுத்தாய். என் கேபிளில் தப்பு, அந்தக் குடும்பத்துக்கு வேலை கொடுங்கள் என்று. வேலை கொடுக்கவில்லை. உன்னைச் சுரங்கத்துப் பம்ப் ஹவுஸுக்கு மாற்றினார்கள். எனக்கு அடுத்த வருடம் வேலை நிரந்தரமானது. வீட்டில் அம்மா சாமிக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். நீயும் சாப்பிட்டாய்.

பெங்களூரிலிருந்து உன் பாலிடெக்னிக் சிநேகிதர் இரண்டு தடவை வந்து கூப்பிட்டார். உன்னை மாதிரி பின்னைத் தொட்டே கண்டுபிடிக்கிறவன் அங்கே ராஜா மாதிரி இருக்கலாம் என்றார். அண்ணிக்குப் போக ஆசை. நீ மறுத்துவிட்டாய். ஏன் என்று அண்ணி அழுதபோது, அதில் எனக்குப் புரியாதது ஒன்று இருக்கிறது, புரியாத வேலையை இனித் தொட மாட்டேன் என்றாய். அண்ணி அதைத் திமிர் என்று நினைத்தார். உன் மகனும் அப்பாவுக்குத் துணிச்சல் இல்லை என்றே வளர்ந்தான். அந்தப் புரியாத ஒன்று என்னிடம் இருந்தது. சமையலறையில் அப்பளம் பொரித்துக்கொண்டு, நீங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உன்னிடம் சொல்லாத இன்னொன்றும் இருக்கிறது. ராமலிங்கம் மகன் கலியமூர்த்தி என்று ஒரு ஆள் எந்த ஊரிலும் கிடையாது. என் பத்து விநாடியில் அந்தக் காகிதத்தில் பிறந்தவன் அவன். ஆனால் அவன் என்னை விட்டுப் போகவில்லை. வாக்காளர் பட்டியலோ ரேஷன் பட்டியலோ எது கையில் வந்தாலும் கண் அவனைத் தேடும். எனக்குக் கல்யாணமாகி ஜெயங்கொண்டம் போன பிறகும் பஸ் ஸ்டாண்டில் யாராவது கலியமூர்த்தி என்று கூப்பிட்டால் நடையை எட்டிப் போடுவேன். திரும்பிப் பார்க்க மாட்டேன். அவனுக்கும் என்னோடு வயது ஏறிக்கொண்டே வந்தது. இப்போது தலை முழுக்க நரைத்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். செத்துப்போனவரின் முகம் எனக்கு மங்கிவிட்டது. பிறக்கவே பிறக்காதவனின் முகம் மங்கவில்லை.

இப்போது இழுப்பறைக்கு வருகிறேன். உன் நோட்டு அதில் இருந்தது. இருபத்தைந்து வட்டம் போட்ட அதே நோட்டு. அதற்குப் பின்னால் பக்கம் பக்கமாகக் கணக்கு. ஒரு விநாடிக்கு இத்தனை எழுத்து வரும், பிரிண்டர் இத்தனை எழுத்து அடிக்கும், நினைவில் இத்தனை நிற்கும். ஒவ்வொரு கணக்கின் முடிவிலும் வழியாது என்று எழுதியிருக்கிறாய். கடைசியில் ஒரு வரி: வளர் நிறுத்தவில்லை என்கிறாள்.

அதே கணக்கு இன்னொரு மையில். அதே கடைசி வரி. பிறகு பால் பாயிண்ட் பேனாவில், நடுங்குகிற கையெழுத்தில், மூன்றாவது தடவை. அது போன வருடம் எழுதியதாகத்தான் இருக்கும். அந்தக் கையெழுத்து உன் முதல் மாரடைப்புக்குப் பிறகு வந்தது. மூன்று தடவையும் என் வாக்கை வைத்துக்கொண்டு உன் கணக்கைச் சந்தேகப்பட்டிருக்கிறாய். ஒரு தடவைகூட என் வாக்கைச் சந்தேகப்பட்டு எழுதவில்லை.

போன வியாழக்கிழமை அரியலூருக்குப் பஸ் ஏறினேன். கலியமூர்த்தியின் மனைவியைத் தேடிப் போனேன். உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாமல்தான் போனேன். ஊரில் விசாரித்ததும், கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயில் எதிரில் தேங்காய் பழம் விற்கிற அஞ்சலைதானே என்று காட்டிவிட்டார்கள். அறுபதைத் தாண்டிய அம்மாள். மழைக்குத் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். நான் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள், பெரம்பலூர் என்று தொடங்கியதும் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"வயர்காரரு தங்கச்சியா நீ? அதே மூக்கு."

நீ அங்கே போய்க்கொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியாதே. புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை பெருமாள் கோயிலுக்குப் போகிறேன் என்று நீ கிளம்பும்போது, சாமி கும்பிடாத மனிதருக்கு இந்த ஒரு நாளாவது புத்தி வருகிறதே என்று அண்ணி சந்தோஷப்படுவார். நீ கோயிலுக்குள் போனதே இல்லை என்று அஞ்சலை சொன்னார். கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாயாம். ரேடியோவோ லைட்டோ ரிப்பேராகக் கிடந்தால் சரி செய்து கொடுப்பாயாம். இந்தப் புரட்டாசியில் நாலு சனிக்கிழமையும் உன்னை எதிர்பார்த்தாராம்.

நீ போய்விட்டதைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு தானாகவே பேசினார்.

"மொத மொத வந்தப்ப வாசல்ல நின்னுக்கிட்டு, ஒரு கம்பிய மாத்தி வச்சுட்டேன், அதுலதான் உன் வூட்டுக்காரரு பேரு போயிடுச்சுன்னாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. நாலு அறை வுடலாம்னு இருந்துச்சு. கையில புள்ள இருந்துச்சு, வுட்டுட்டேன்."

வருடா வருடம் வந்து நீ சொன்னது ஒன்றேதானாம். எப்படிப் போச்சுன்னு இன்னும் தெரியலம்மா, அது ஒண்ணுதான் தெரியல என்பாயாம். தெரிஞ்சு என்ன ஆவப்போவுது சார், வுடுங்க என்று அந்த அம்மாளே உனக்குச் சமாதானம் சொல்லியிருக்கிறார். தாலி அறுத்தவள் தேற்றுகிறாள், நீ தேறாமல் எழுந்து வந்திருக்கிறாய்.

நான் சொல்லிவிட்டேன் அண்ணே. பொத்தானை, பத்து விநாடியை, கோணல் வரியைப் பார்த்ததை, பஸ்ஸில் பொய் சொன்னதை. கோயிலுக்கு வந்த ஒருவர் நடுவில் கற்பூரம் கேட்டார். அஞ்சலை எழுந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். நான் விட்ட இடத்திலிருந்து சொன்னேன். அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அந்த மனுசன்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றார்.

அது ஒன்றுதான். தன் புருஷனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் கண் நிறைந்துவிட்டது. அவர் அதைப் பார்க்காத மாதிரி தட்டில் வாழைப்பழத்தை அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"அவரு சம்சாரத்துக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"அப்ப இங்க ஏன் மொதல்ல வந்த? நான் என் வூட்டுக்காரரோட நாலு வருசம் இருந்தேன். அந்தப் பொம்பள இத்தினி வருசம் அவரோட இருந்திருக்கு. போ. மொதல்ல அங்க போய்ச் சொல்லு."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவர் சொன்னது சரி. இந்த உலகத்தில் எனக்கு மிகவும் பயமான இடம் எது தெரியுமா? உன் வீட்டுக் கூடம். நீ மறுத்த பெங்களூரை நினைத்து அண்ணி அழுத இடம். சுரங்கத்துத் தூசியில் உன் நெஞ்சு கெட்டதற்கும், மாமனார் வீட்டில் நீ தலைகுனிந்ததற்கும், மகன் உன்னை மதிக்காததற்கும் காரணம் தெரியாமல் அவர் உட்கார்ந்திருக்கிற இடம். என் பிரசவத்துக்கு வந்து இருபது நாள் ராத்திரி பகல் பார்த்தவர் அவர். என்னைத் தன் கூடப்பிறந்தவள் என்றுதான் எல்லோரிடமும் சொல்வார்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் இது: நிறுத்தினேன் அண்ணே. நான்தான் நிறுத்தினேன். உன் கணக்கு மூன்று தடவையும் சரி. நிறுத்தாவிட்டால் வழிந்திருக்காது. உனக்குப் புரியாதது என்று அந்தக் கேபிளில் ஒன்றுமே இல்லை. கேட்கிறதா உனக்கு? உயிரோடு இருந்தபோது ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். பொங்கலுக்கு வந்தபோது சொல்லியிருக்கலாம். திருச்சி ஆஸ்பத்திரியில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தபோதாவது சொல்லியிருக்கலாம்.

இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால், நாளைக் காலை முதல் பஸ்ஸில் பெரம்பலூர் போகிறேன். அண்ணியிடம் என் வாயால் சொல்வேன், எழுதியதை வாசித்துக் காட்டித் தப்பிக்க மாட்டேன். அவர் கேட்கிற எல்லாவற்றுக்கும் பதில் சொல்வேன். பிறகு உன் மகனைப் போனில் கூப்பிட்டு, அவன் அப்பா எவ்வளவு கைதேர்ந்த ஆள் என்பதையும் சொல்வேன். அதன் பிறகு அண்ணி என்னை எழுந்து போகச் சொன்னால் போய்விடுவேன். இரு என்றால், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

உன் தங்கச்சி,
வளர்மதி